சிங்க்குக்குக் கீழே: செவ்வாய், வியாழன்

குடிநீர் வாரியத்தின் புகார் எண்ணுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு அழைப்புகள் வரும். மழை நாளில் ஐந்நூறு. அவற்றை எடுக்க ஓர் அறை, நான்கு மேசை, நான்கு ஹெட்போன். சுவரில் ஒரு பெரிய திரை. எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார்கள் என்று சிவப்பு எழுத்தில் அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஜன்னலோர மேசையில் பதினேழு வருஷமாக இருப்பவளை அந்த அறையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஆறு கேள்வி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

புகார்ப் படிவத்தில் ஆறு கேள்விகள் இருக்கின்றன. எங்கே? எப்போதிலிருந்து? விடாமல் வருகிறதா, விட்டு விட்டா? என்ன நிறம்? வாடை உண்டா? பக்கத்தில் மின்சாரம் இருக்கிறதா? மற்ற மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டே இரண்டு கேள்விகளை விழுங்கிவிடுவார்கள். இவள் விழுங்கமாட்டாள். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு கத்துகிறவரிடம்கூட, "வாடை ஏதாவது வருதுங்களா?" என்று நிதானமாகக் கேட்பாள். எதிர்முனையில் திட்டு விழும். திட்டி முடிந்ததும் அதே கேள்வியை அதே குரலில் இன்னொரு தடவை கேட்பாள்.

கேட்கக்கூடாத கேள்வி ஒன்றும் உண்டு. யார்? புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிவிடுவார். "நாம போலீஸ் இல்ல. குழாய் எங்க உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா போதும். யார் உடைச்சான்னு கேட்டா எவனும் உண்மையச் சொல்லமாட்டான். போனத்தான் வைப்பான்."

கணவரிடம் பல தடவை சொல்லிச் சொல்லி, இந்தப் பாடத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுபோயிருந்தாள். குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

வீடு மூன்றாவது மாடியில். கூடம், ஒரு படுக்கையறை, இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியே போகவேண்டிய சமையலறை. மகள் கல்யாணமாகிப் போகும்போது பழைய குழாயைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்திருந்தாள். குட்டையாகச் சாய்ந்த கழுத்து. அதன் தலையைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே ஓஸ் பைப் வரும், விட்டால் உள்ளே போய்விடும். தலையில் ஒரு பட்டன். சும்மா இருந்தால் தண்ணீர் ஒழுங்காக ஊற்றும், அழுத்திப் பிடித்தால் நூறு ஊசியாகச் சீறும். சிங்க்குக்குக் கீழே ஒரு மர அலமாரி. உள்ளே ஓஸ், கழிவுக் குழாய், சோப்புத் தூள் டப்பா, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கான பிளக்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு அவள் வேலையிலிருந்து வந்து சோப்புத் தூள் எடுக்க அலமாரியைத் திறந்தாள். டப்பாவின் அடி ஈரம். அலமாரியின் தரையில் ஒரு தட்டளவு தண்ணீர்.

கூடத்தில் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்து நான்கு வருஷம் பஸ் ஓட்டியவர். எதிர்வீட்டுக்காரரிலிருந்து அவளுடைய அம்மாவரை எல்லோருக்கும் அவர் 'டிரைவர்' தான். போன வருஷம் ஒரு நாள் காலை, டிப்போவில் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தப் போனவருக்கு வலது கை எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பேச்சு திரும்பிவிட்டது. சொற்களுக்கு முன்னால் சின்னதாக ஒரு தடை மட்டும் நின்றுவிட்டது, ஸ்டாப் வந்தும் ஒரு நொடி கழித்துத் திறக்கும் கதவு மாதிரி. வலது கை பாதிதான் திரும்பியது. லைசென்ஸ் திரும்பவில்லை.

"கைக்கு ஏதாவது வேலை குடுத்துக்கிட்டே இருங்க" என்று பிசியோதெரபிக்காரர் சொன்னார். டிரைவர் பாத்திரம் கழுவுவதை எடுத்துக்கொண்டார். அதுவும் அவள் ஆபீஸ் போன பிறகுதான். யாராவது பார்த்தால் கழுவமாட்டார். மாலையில் அவள் வரும்போது தட்டுகள் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும், சுருக்கமில்லாத சட்டை போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். ஏதோ டூட்டி முடித்து வந்தவர் போல.

அவள் ஈரத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். 'யார்' என்று தொடங்கும் கேள்வி வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, துடைத்துவிட்டு, ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்தாள். செவ்வாய்: ஈரம்.

புதன்: காய்ந்தது. வியாழன்: ஈரம். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள்: காய்ந்தது. செவ்வாய்: ஈரம்.

எந்த ஓட்டைக்குக் கிழமை தெரியும்?

பிளம்பர் வந்தார். ஒல்லியானவர், இஸ்திரி போட்ட சட்டை. குழாயைத் திறந்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார். கழிவுக் குழாயைத் தட்டினார். அலமாரி சருகு மாதிரிக் காய்ந்து கிடந்தது.

"ஒண்ணுமே இல்லக்கா."

"நேத்து இருந்துச்சே?"

"நேத்து வந்திருந்தா பாத்திருப்பேன். இன்னிக்கு இல்லாதத நான் எப்படி அடைக்கிறது?"

"மறுபடி வந்தா?"

"வந்ததும் கூப்பிடுங்க. தண்ணிய அங்கயே நிறுத்தி வைங்க, நான் வந்துர்றேன்."

அடுத்த வாரமும் வந்தார். அன்றும் காய்ந்தே கிடந்தது. ஓஸ் முழுவதையும் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க வீட்டுல யாராவது தண்ணி பாட்டில் கீழ வைக்கிறாங்களா?" என்று கேட்டார். டிரைவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

இதற்குள் அவளிடம் ஒரு விளக்கம் உருவாகியிருந்தது. அவளைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. வாரியத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் பம்ப் ஓடும் நேரம் ஒரு பதிவேட்டில் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் புரட்டினாள். அவர்கள் பகுதிக்கு அதிக அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றும் நாட்கள்: செவ்வாய், வியாழன். அவளுக்குப் புல்லரித்தது. பக்கத்து மேசைக்காரியிடம் நோட்டைக் காட்டினாள்.

பக்கத்து மேசைக்காரி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். "சூப்பரா ஒத்துப்போகுது. ஆனா, உங்க வீட்டுக்கு மாடித் தொட்டியிலேருந்துதான தண்ணி வருது?"

"ஆமா."

"பம்ப் தொட்டியத்தான நெரப்பும்? தொட்டி எல்லா நாளும் ஒரே உயரத்துலதான இருக்கு?"

அவள் நோட்டை மூடினாள். "அப்ப செவ்வா, வியாழன்?"

"செவ்வா, வியாழன் உங்க வீட்டுல வேற என்ன நடக்குது?"

டிரைவருக்கு பிசியோதெரபி. மூன்றரைக்கு ஆட்டோ வரும், ஐந்தரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். அந்த இரண்டு நாளும் வீட்டில் அவர் குறைவாகத்தான் இருக்கிறார். அவர் இல்லாத நாளில் ஈரம், இருக்கும் நாளில் இல்லை. அப்படியானால் அவர் இல்லை. அல்லது, கிளம்பும் அவசரத்தில் எதையாவது கவிழ்க்கிறார். அப்படியானால் அவர்தான். ஒரே கணக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றது. அவளுக்கு மண்டை காய்ந்தது. பால்கனிக் கயிற்றில் ஒரு பழைய மஞ்சள் துண்டு வேறு, எப்போது பார்த்தாலும் ஈரமாகவே தொங்கியது. மனுஷன் எத்தனை தடவைதான் குளிக்கிறார்?

செய்தி அண்ணிக்குப் போய்விட்டது. அண்ணி என்றால் டிரைவரின் அக்கா. நான்கு தெரு தள்ளிக் கணவரோடு இருக்கிறாள்; அவர் இவர்களுக்கு மாமா. தம்பி ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும் பெஞ்சில் உட்கார்ந்தே தூங்கியவள். அவளிடம் எதையும் லேசாகச் சொல்ல முடியாது.

"அலமாரிக்குள்ள கரண்ட் பிளக் இருக்குல்ல?" என்றாள் அண்ணி.

"இருக்கு அண்ணி."

"ஒருத்தன் பகல் முழுக்கத் தனியா இருக்கான். ஒரு கை சரியில்ல. கீழ தண்ணி, பக்கத்துல கரண்ட். நீ ஊருக்கெல்லாம் இதத்தான போன்ல கேக்குற?"

அது ஆறாவது கேள்வி.

"பகல்ல எங்க வீட்டுல வந்து இருக்கட்டும். மாமாவும் சும்மாதான் இருக்காரு. ரெண்டு பேரும் டிவி பாப்பாங்க. முதல்ல ஒரு நாள் இருந்து பழகட்டும்."

அந்த வெள்ளிக்கிழமை மாலை டிரைவரை அண்ணி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். இரவு அலமாரியைத் திறந்து பார்த்தாள். வெள்ளி: காய்ந்தது. சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலையில் அண்ணி போன் செய்தாள். "நல்லா தூங்கினான், நல்லா சாப்பிட்டான், ஒரு வார்த்த பேசல." பேசி முடிக்கும்போது அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. அந்தப் பாத்திரத்தோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினாள். மதியம் சோப்புத் தூள் எடுக்கத் திறந்தால், உள்ளே தண்ணீர். 'முந்தாநாள் சிந்தினது எங்கயாவது ஒதுங்கியிருந்திருக்கும்' என்று நினைத்துக்கொண்டாள். சனி: ஈரம்.

சாயங்காலம் டிரைவர் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"மாமா எப்படி இருக்காரு?" என்று அவள் கேட்டாள்.

"செய்தி வாசிக்கிறவன் ஒரு தடவை சொல்றான். அத மாமா ஒரு தடவை சொல்றாரு."

"பொழுது போச்சுல்ல?"

"போச்சு." கொஞ்சம் நின்று, "போய்க்கிட்டே இருந்துச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முடிவாகிவிட்டது. இந்த ஒரு வாரம் போகட்டும், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலை எட்டரைக்கு அவரை அண்ணி வீட்டில் விட்டுவிட்டு அவள் ஆபீஸ் போவாள். பாத்திரம் கழுவ ஓர் அம்மா வருவாள். டிரைவர் சரி என்றார். ரொம்ப சீக்கிரமாகச் சரி என்றார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று புரியவுமில்லை.

செவ்வாய்: ஈரம். வியாழன்: ஈரம்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. திரையில் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். சூப்பர்வைசர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் அடுத்த அழைப்பை எடுத்தாள்.

"வணக்கம், குடிநீர் வாரியம். சொல்லுங்க."

எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, சின்னத் தடை. பிறகு குரல்.

"வீட்டுல... தண்ணி ஒழுகுது."

டிரைவரின் குரல். சொந்தக்காரர்களின் அழைப்பு வந்தால் அடுத்த மேசைக்கு மாற்றிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. நான்கு மேசையில் எதற்கு வேண்டுமானாலும் போயிருக்கக்கூடிய அழைப்பு. அவருக்கும் தெரிந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் கேட்ட குரல், ஹெட்போன் போட்டால் மாறிவிடுமா? ஆனாலும் அவர் போனை வைக்கவில்லை. அவளும் மாற்றவில்லை. படிவத்தை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"எங்க சார் ஒழுகுது?"

"சமையல்கட்டுல. சிங்க்குக்குக் கீழ, அலமாரிக்குள்ள."

வீட்டுக்குள் ஒழுகினால் வாரியத்துக்குச் சம்பந்தமில்லை. மீட்டர்வரைக்கும்தான் வாரியம். 'பிளம்பரைக் கூப்பிடுங்கள்' என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம்.

"எப்போலேருந்துங்க?"

"மூணு வாரத்துக்கு மேல. எனக்குத் தெரிஞ்சு. வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சது அதுக்கப்புறம்."

பேனா நின்றது. பிறகு நகர்ந்தது.

"விடாம வருதுங்களா, விட்டு விட்டா?"

"தினமும் வருது."

"தினமுமா? செவ்வா, வியாழன்..." என்று அவள் வாய்விட்டுவிட்டாள். பிறகு, "சில பேருக்குக் கிழமைக் கணக்குல வரும், அதான் கேட்டேன்" என்று சமாளித்தாள்.

"தினமும்தாங்க வருது. அவ வர்றதுக்குள்ள ஒரு துண்டால தொடச்சி, துண்டக் காயப் போட்டுருவேன். செவ்வா, வியாழன் மட்டும் மூணரைக்கெல்லாம் ஆட்டோ வந்துரும். ஒரு கையால சட்டை பட்டன் போடவே எனக்கு இருபது நிமிஷம் ஆகும். தொடைக்க நேரம் இருக்காது. திரும்பி வந்தா குனிய முடியாது, கை வலி உயிர் போவும்."

பம்ப் பதிவேடு, அழுத்தம், மாடித் தொட்டி, மஞ்சள் துண்டு எல்லாம் அவள் கண் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. மூன்று வாரமாக அவள் நோட்டில் எழுதியது தண்ணீரின் கணக்கே இல்லை. துண்டின் கணக்கு.

"எப்ப எப்ப வருதுங்க?"

"பாத்திரம் கழுவும்போதுதான். என் கைதான் சரியில்ல, நான்தான் சிந்துறேன்னு நெனைக்கிறேன். ஆனா பாருங்க, மேடையெல்லாம் காஞ்சிருக்கு. என் சட்டை காஞ்சிருக்கு. மேல காஞ்சிருக்கு, கீழ ஈரமா இருக்கு. எவ்வளவோ யோசிச்சிட்டேன், புரியல."

படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை அவள் கேட்டாள். "எப்படிக் கழுவுவீங்க சார்?"

மூச்சு. தடை.

"வலது கையால தேய்க்க வராது. அதனால தட்ட சிங்க்குல சாய்ச்சு வச்சிட்டு, இடது கையால பட்டன அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு சீறி அடிப்பேன். அந்த வேகத்துலயே எல்லாம் போயிரும். அரை மணி நேரம் ஆகும்."

"அரை மணி நேரமும் பட்டன்ல கையா?"

"விட்டா ஒட்டினது போகாதே."

அவள் எழுதிக்கொண்டாள். "என்ன நிறம்?"

"தண்ணி நிறம்தாம்மா."

'ம்மா' என்று வந்துவிட்டதில் இரண்டு பேரும் ஒரு நொடி அசையாமல் இருந்தார்கள்.

"வாடை ஏதாவது வருதுங்களா?"

மற்ற மேசைகளில் விழுங்கிவிடும் கேள்வி. அவர் உடனே, "ஒரு வாடையும் இல்ல" என்றார்.

"சோப்பு வாடை?"

"இல்ல."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க சார். பாத்திரம் கழுவுற தண்ணி சிந்தினா சோப்பு வாடை அடிக்கும். தொடைக்கிற துண்டுலயும் அடிக்கும்."

போனோடு பால்கனிக்கு நடந்து போகும் செருப்புச் சத்தம் கேட்டது. துண்டை மோந்து பார்த்திருக்க வேண்டும்.

"இல்ல" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "சுத்தமான தண்ணி."

"கடைசிக் கேள்வி சார். பக்கத்துல மின்சாரம்?"

"பிளக் இருக்கு. அதான் எல்லாரும் பயப்படுறாங்க. திங்கக்கிழமையிலேருந்து பகல்ல எங்க அக்கா வீட்டுல இருக்கணும்னு சொல்லிட்டாங்க. தப்பு சொல்லல. நான்தான்னா போறேன். நான் இல்லன்னா... அது தெரிஞ்சிக்கிட்டுப் போலாம்னுதான் கூப்பிட்டேன். என்கிட்ட இதையெல்லாம் யாரும் கேக்கல."

திரையில் காத்திருப்போர் பத்தொன்பது.

"மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணிடுங்க சார். அலமாரியத் தொடவேண்டாம். ஆள் அனுப்புறோம்."

"எத்தன மணிக்கு வருவாங்க?"

"ஆறு மணிக்குள்ள."

"சரிங்க மேடம்."

சூப்பர்வைசர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். "என்ன ஆறு கேள்வி, ஒரே போன்ல ஏழு நிமிஷம்?"

"வீட்டுக்குள்ள ஒழுகுது சார்."

"நம்ம வேலையே இல்ல. அதுக்கா ஏழு நிமிஷம்?"

"ஆமா சார்" என்றாள். அடுத்த அழைப்பை எடுத்தாள்.

ஐந்தே முக்காலுக்குச் சாவி கையில் இருந்தும் அழைப்பு மணிப் பக்கம் விரலைக் கொண்டுபோனாள். மின்சாரம் இல்லை என்பது நினைவுக்கு வந்து கதவைத் தட்டினாள். டிரைவர் திறந்தார். சட்டையில் இரண்டு பட்டன் மாறிப் போட்டிருந்தது.

"புகார் குடுத்திருந்தீங்களாமே."

"உள்ள வாங்க" என்றார் டிரைவர். "இவ்வளவு சீக்கிரம் வாரியத்திலேருந்து ஆள் வந்து நான் பாத்ததே இல்ல."

"உங்களுக்கு என்கிட்ட நேர்ல சொல்றதுக்கு என்னங்க?"

"நேர்ல நீ எங்க கேட்ட? நோட்டுல எழுதின. உன்ன ஒரு கேள்வி கேக்க வைக்கணும்னா அந்த நம்பருக்குத்தான் போடணும்போல."

அவள் பையை வைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அலமாரிக்குள் தலையை விட்டாள். "கழுவுங்க."

"நீ இருக்கும்போதா?"

"நான் உள்ள இருக்கேன். எனக்கு எதுவும் தெரியாது."

அவர் முதலில் சும்மா தண்ணீரைத் திறந்தார். மூன்று நிமிஷம். ஓஸ் காய்ந்தே இருந்தது. பிளம்பர் பார்த்தது இதைத்தான். "இப்ப பட்டன்" என்றாள். மேலே சீறல் சத்தம். அவள் மனதுக்குள் எண்ணினாள். பத்து. இருபது. முப்பத்து நான்கில், குழாயின் கழுத்துக்குள்ளிருந்து ஒரு துளி ஓஸின் மேல் ஊர்ந்து இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஒரு மெல்லிய கோடு.

"விடுங்க." கோடு நின்றது. "அமுக்குங்க." வந்தது.

"உங்க கை இல்ல" என்று அலமாரிக்குள்ளிருந்து சொன்னாள். அந்த மரப்பெட்டிக்குள் அவள் குரல் யாரோ பேசுவது மாதிரி இருந்தது. "குழாய்தான். அமுக்கினா மட்டும் ஒழுகுது. ஆனா ஏன்னு எனக்குப் புரியல."

மேலேயிருந்து டிரைவர் சொன்னார், தடையே இல்லாமல். "பிரேக் ஓஸ்."

"என்னது?"

"நிக்கிற பஸ்ஸுல பிரேக் ஓஸ்ல ஓட்டையே தெரியாது. பெடல மிதிச்சாத்தான் உஸ்ஸுங்கும். சும்மா ஊத்தும்போது தண்ணி தாராளமா வெளிய போயிருது. சீறும்போது ஓட்டை சின்னது, தண்ணி முட்டிக்கிட்டு நிக்கும், பின்னாடி எங்க தளர்ந்திருக்கோ அங்க வழியும். தலையும் ஓஸும் சேர்ற எடத்துல வாஷர் போயிருக்கும். கழட்டிப் பாரு."

அவள் கழற்றினாள், அவர் இடது கையால் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். உள்ளே சட்டைப் பட்டன் அளவு கருப்பு ரப்பர் வளையம். ஒரு பக்கம் தட்டையாகி, மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. டிரைவர் அதை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

மறுநாள் அந்தப் பழைய வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவரே கடைக்குப் போய், ஒத்துப்போகும் வளையத்தை வாங்கி வந்தார். மாட்டி, பட்டனை அழுத்தி, அவள் நூறுவரை எண்ணினாள். ஒரு துளிகூட இல்லை. பிளம்பருக்கு போன் செய்து சொன்னாள்.

"பட்டன அமுக்கிப் பாக்கலையா தம்பி?"

"அது மூஞ்சியெல்லாம் அடிக்கும்கா. சட்டை நனைஞ்சிரும். யாருக்கா அத அமுக்குறாங்க?"

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தாள், திங்கட்கிழமை ஏற்பாட்டைப் பேச. டீ குடித்தாள். குடித்த டம்ளர்களை டிரைவர் எடுத்துக்கொண்டு போய், அண்ணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சாய்த்து வைத்து இடது கையால் சீறி அடித்துக் கழுவினார். அண்ணி குனிந்து அலமாரிக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கையைத் திருப்பி முகர்ந்தும் பார்த்தாள்.

"காஞ்சுதான் இருக்கு" என்றாள், சந்தேகம் போகாமல். "இருந்தாலும் நாளைக்கு எத்தன மணிக்கு வர்ற?"

"வரலக்கா. பாத்திரம் இருக்கு."

"இருந்தா? அந்த அம்மா வந்து கழுவிட்டுப் போறா."

"அந்த அம்மாகிட்ட நேத்தே வேண்டாம்னு சொல்லியாச்சு அண்ணி" என்றாள் அவள். "மாமாவுக்குச் செய்தி கேக்க வேற ஆள் பாருங்க."

அண்ணி சிரிக்கவில்லை. மேடையில் கிடந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள். செவ்வாய், வியாழன், செவ்வாய், வியாழன் என்று விரலை வைத்துக்கொண்டே வந்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என்ன? சனி, ஈரம்னு போட்டிருக்கு?"

"ஆமா, அன்னிக்கு..."

"அன்னிக்கு இவன் எங்க வீட்டுலல்ல இருந்தான். வெள்ளி ராத்திரி காஞ்சிருந்துச்சுன்னும் நீயே எழுதியிருக்க." அண்ணி நிமிர்ந்தாள். "அப்ப, யாரு?"

டிரைவர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார். அந்தக் கேள்வியை அந்த வீட்டில் மூன்று வாரமாக யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நோட்டிலேயே பதில் கிடைத்திருக்கும். அவளுக்கு அன்றைய காலை ஞாபகம் வந்தது. அடிப்பிடித்த பால் பாத்திரம். நாரால் தேய்த்தும் போகாமல், பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அவள் சீறி அடித்தது. மத்தியானம் அலமாரியைத் திறந்தபோது, தான் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறோம் என்பதுகூடத் தோன்றாமல், அவர்மேல் அதை எழுதியது.

இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள்.

"நான்தான் அண்ணி" என்றாள்.

"போன வைக்காம உண்மையச் சொல்லிட்டா பாருக்கா" என்றார் டிரைவர்.